பிரைட்னரின் வெள்ளைக் கிமோனோ: படியெடுக்கும்போது ஏன் சுண்ணாம்பாகிறது?

கேள்வி இது: “டச்சு ஓவியர் பிரைட்னரின் ‘வெள்ளைக் கிமோனோ அணிந்த பெண்’ ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்துப் பழகுகிறேன். உடை சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகிவிடுகிறது. முகம் சேறாகிறது. மாதம் ஒன்று போனதும் கறுப்புப் பகுதிகள் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்து நிற்கின்றன. அவரை இம்ப்ரெஷனிஸ்ட் (கணநேர ஒளியை விரைந்த தீற்றல்களில் பிடிப்பவர்) என்கிறார்கள், ஆனால் பிரெஞ்சு ஓவியர் மோனேயிடம் உள்ள நிறங்கள் இவரிடம் இல்லையே. எந்த முறையில் வரைந்தார்?”

சுண்ணாம்பு வெள்ளையும் முகச்சேறும் ஒரே தவறிலிருந்து வருகின்றன: டோனை முடிவு செய்வதற்கு முன்பே நிறத்தைத் தேடுகிறீர்கள். டோன் என்று நான் சொல்வது ஒரு நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்ற கணக்கை. கறுப்பு மங்குவது எண்ணெய் சம்பந்தப்பட்ட தனிக் கோளாறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மோனே சந்தேகம். பிரைட்னர் 1857இல் ராட்டர்டாமில் பிறந்து ஹேக் நகரக் கலைக்கழகத்தில் பயின்றவர். அந்த ஊரில் அப்போது செல்வாக்கோடு இருந்த ஓவியர்கள் மேகமூட்டத்தையும் ஈரக் காற்றையும் வரைந்தவர்கள். சாம்பல் நிறத்தாலேயே பெயர் பெற்ற கூட்டம் அது. 1881இல் மெஸ்டாக் என்பவர் ஸ்ஹெவெனிங்கன் கடற்கரையை 14 மீட்டர் உயரமும் 120 மீட்டர் சுற்றளவும் கொண்ட வட்டத் துணியில் வரைந்தபோது உடன் வேலை செய்தவர்களில் பிரைட்னரும் உண்டு. மணல், கடல், வானம் மூன்றையும் ஏறக்குறைய ஒரே சாம்பலின் சின்னச் சின்ன வேறுபாடுகளால் பிரித்துக் காட்டுகிற வேலை அது. கை அப்படிப் பழகியபின் அவர் 1884இல் பாரிஸ் போய் வந்தார், 1886இல் ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். மோனே கறுப்பைப் பெரும்பாலும் வண்ணம் கலக்கும் பலகையை விட்டே விலக்கிவிட்டு நிழலுக்கு நீலமும் ஊதாவும் வைத்தார். பிரைட்னர் கறுப்பையும் மண்நிறங்களையும் கடைசிவரை விடவில்லை. அகலத் தீற்றல், முடிக்காமல் விட்ட ஓரம், சட்டத்தால் வெட்டுப்பட்ட உருவம் ஆகியவற்றால்தான் அவரை ஆம்ஸ்டர்டாம் இம்ப்ரெஷனிஸ்ட் என்கிறோம். வானவில் நிறங்களை அவரிடம் தேடினால் ஏமாற்றமே. அவை வேண்டுமென்றால் அவருடைய சமகாலத்தவர் ஐசக் இஸ்ராயெல்ஸிடம் போங்கள், அதிலும் பாரிஸில் வாழ்ந்த பிற்காலத்து ஓவியங்களுக்கு. அங்கே பெண்களின் முகங்கள் மெல்லிய, வெளிறிய வண்ணத்தில் அவசரமாக எழுதிய கடிதம் போல இருக்கும். பிரைட்னரின் துணியில் வண்ணம் கனமாக உட்கார்ந்திருக்கும்.

இனி ஓவியம். 1894இல் வரைந்தது, 59 × 57 சென்டிமீட்டர், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. கிட்டத்தட்டச் சதுரம் என்பதைக் கவனியுங்கள். படியெடுப்பவர்களில் பாதிப்பேர் கடையில் கிடைக்கும் 18 × 24 அங்குலத் துணியில் ஆரம்பித்துவிட்டு, மிச்ச இடத்தைக் கம்பளத்தால் நிரப்புகிறார்கள். அதிலேயே ஓவியத்தின் நெருக்கம் போய்விடும். 24 × 24 அங்குலம் வாங்கி ஒரு பக்கத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கோடு போட்டு ஒதுக்கினால் விகிதம் சரியாக வரும். பழகுவதற்கு 12 × 12 போதும்.

படத்தில் இருப்பவர் ஹேஷ்யே க்வாக், அப்போது பதினாறு வயது. 1893 முதல் அவரைச் சிவப்பு, நீலம், வெள்ளை என வெவ்வேறு கிமோனோக்களில் பிரைட்னர் குறைந்தது ஒரு டஜன் தடவை வரைந்தார். திவான் என்னும் சாய்மெத்தை, கம்பளங்கள், ஜப்பானிய மடக்குத் திரை, கண்ணாடி என்று அதே சாமான்களே இடம் மாறி மாறி வரும். ராட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ‘காதணி’யில் ஹேஷ்யே கண்ணாடி முன் நின்று காதில் கை வைத்திருப்பார். மாடலாக எத்தனை மணி நேரம் இருந்தார், என்ன கூலி என்பதையெல்லாம் பிரைட்னர் குறித்து வைத்தார், புகைப்படங்களும் எடுத்தார். ஆகவே இது ஒரு மூச்சில் பிடித்த கணம் என்று நினைக்க வேண்டாம். ஒரே பெண்ணும் ஒரே அறையும் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தபின் வந்த வேகம் இது. ஹேஷ்யே 1895இல் தென்னாப்பிரிக்கா போய்விட்டார், 1899இல் காசநோயால் இறந்தார், வயது 22.

வெள்ளைப் பட்டு, அதில் பூவேலை, கைகளின் ஓரத்தில் சிவப்பு, இடுப்பில் ஆரஞ்சுக் கச்சை. ஜப்பானிய அச்சுப்படங்களிலிருந்து பிரைட்னர் எடுத்துக்கொண்டது கிமோனோவை மட்டுமல்ல. உடலின் திரட்சியைக் குறைத்து, உடையை ஒரு பெரிய வெளிர் வடிவமாகத் துணியில் கிடத்துவதும் அங்கிருந்து வந்ததே. முகம் மொத்தப் பரப்பில் மிகச் சிறிய பங்கு. அதை மட்டும் மூன்று நாள் தேய்ப்பது வீண் என்பது என் கருத்து.

இப்போது வெள்ளை. நீங்கள் எதைப் பார்த்து வரைகிறீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை. கைப்பேசித் திரை என்றால் பாதிக் கோளாறு அங்கேயே இருக்கிறது. திரையின் வெள்ளை பின்னாலிருந்து ஒளிர்கிறது, ட்யூப் வெள்ளை உங்கள் அறை வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். அந்த ஒளிர்வைத் துணியில் எட்டிப்பிடிக்க முயன்று உடை முழுவதும் உச்ச வெள்ளையைப் பூசிவிடுகிறீர்கள், மடிப்பு காட்ட மேலே போக இடமில்லை. ரைக்ஸ்மியூசியத்தின் இணையதளத்தில் உயர்தரப் படம் இலவசமாகவே கிடைக்கிறது. மினுக்கமில்லாத தாளில் A4 அளவில் இரண்டு பிரதி அச்சிடுங்கள், ஒன்று வண்ணத்தில், ஒன்று கறுப்பு-வெள்ளையில். முதல் நாள் கறுப்பு-வெள்ளைப் பிரதியை மட்டும் பாருங்கள்.

கறுப்பை 1, ட்யூபிலிருந்து நேரே பிதுக்கிய வெள்ளையை 10 என்று வைத்துக்கொண்டால், இந்தப் படத்துக்கு உதவுகிற கணக்கு இது. பட்டின் வெளிச்சப் பகுதி 8, அரைவெளிச்சம் ஆறரை அல்லது 7, மடிப்பின் ஆழம் 5. முகத்தின் வெளிச்சம் 7, அதன் நிழல் 5. கூந்தல் 2. பின்புலமும் கம்பளமும் 2 முதல் 4. எண் 9-ஐத் தாண்டுவது உடையில் இரண்டு மூன்று தீற்றல் மட்டும். கவனியுங்கள், பட்டின் நிழல் முகத்தின் வெளிச்சத்தைவிட அடர்த்தி. “வெள்ளை உடை என்றால் எந்த இடமும் தோலைவிட வெளுப்பாகத்தான் இருக்கும்” என்று மனம் அடம்பிடிக்கும். அந்த அடம்தான் சுண்ணாம்பு.

பூசும் முன் பலகையில் நான்கு குவியல் கலந்து வையுங்கள். வெளிச்சத்துக்கு டைட்டானியம் வெள்ளை 12 பங்கு, மஞ்சள் காவி ஒரு பங்கு. அரைவெளிச்சத்துக்கு வெள்ளை 8, காவி 1, ஐவரி கறுப்பு 1. நிழலுக்கு வெள்ளை 3, கறுப்பு 1, சுடாத அம்பர் (raw umber என்ற பழுப்பு மண்நிறம்) அரைப் பங்கு. சிவப்பு ஓரத்தை ஒட்டிய இடங்களில் எதிரொளிக்க, அரைவெளிச்சக் குவியலில் துளி எரித்த சியன்னா (burnt sienna என்ற செம்பழுப்பு மண்நிறம்). கம்பெனிக்குக் கம்பெனி கறுப்பின் வீரியம் மாறும். அதனால் ஒவ்வொன்றையும் கத்தியால் அச்சுத்தாளின் ஓரத்தில் தடவி டோனை ஒப்பிட்ட பிறகே துணிக்குப் போங்கள். காவி எதற்கு என்றால், 1894இல் ஓவியர்களின் முக்கிய வெள்ளை ஈய வெள்ளை. அது சற்று வெதுவெதுப்பானது, மெல்லப் பூசினால் அடியில் இருப்பதைக் கொஞ்சம் காட்டும். டைட்டானியம் வெள்ளை ஓவியர்களிடம் வந்ததே 1920களில்தான். அது குளிர்ச்சியானது, எதையும் மூடிவிடும், கலக்கும் நிறத்தையெல்லாம் வெளுக்கவைக்கும். ஈய வெள்ளைத் தூளைத் தேடிப் போக வேண்டாம், அது நஞ்சு. ஜிங்க் வெள்ளை மென்மையாகத் தெரியும், ஆனால் காலப்போக்கில் நொறுங்கும் படலம், அடித்தளத்துக்கு ஆகாது.

வெள்ளைத் துணியில் நேரடியாக ஆரம்பித்தால் இந்த எண்கள் எதுவும் கண்ணுக்குப் பிடிபடாது. அங்கே 7 கூட அழுக்காகத் தெரியும், பயந்துபோய் வெளுப்பீர்கள். சுடாத அம்பரோடு கொஞ்சம் கறுப்பு சேர்த்து, ஆல்கைட் மீடியம் (எண்ணெய் வண்ணத்தைச் சீக்கிரம் காயவைக்கும் பிசின் திரவம்) கலந்து, துணி முழுவதும் மெல்லப் பூசி, பழைய பனியன் துணியால் துடைத்து எண் 5 வாக்கில் ஒரு பழுப்புச் சாம்பல் கொண்டுவாருங்கள். ஒன்றிரண்டு நாள் காயட்டும். இதன் மேல் அரைவெளிச்சக் குவியலை ஒரு தீற்று வைத்தாலே பட்டு மினுங்கும்.

வரிசை இப்படி. மெல்லிய அம்பரால் உருவத்தின் வெளிவடிவமும் தலை, கை இருக்கும் இடமும் மட்டும். கண் மூக்கு வேண்டாம். பிறகு கூந்தல், திரை, கம்பளம் என அடர்ந்த பகுதிகளை 12ஆம் எண் தட்டைப் பன்றிமயிர்ப் பிரஷ்ஷால் நிரப்புங்கள். அடுத்து கிமோனோ, 8ஆம் எண். நிழல் குவியலில் தொடங்கி வெளிச்சத்துக்கு ஏறுங்கள், ஓரங்கள் ஈரமாக ஒன்றோடொன்று தொடட்டும். முகமும் கைகளும் அதன்பின். பூவேலை கடைசி.

முகம் சேறாவதற்குக் காரணம் வண்ணம் கெட்டது அல்ல, கை ஓயாதது. ஈர வண்ணத்தின் மேல் அதே பிரஷ் மூன்றாம் முறை போகும்போது வெளிச்சக் குவியலும் நிழல் குவியலும் கலந்து இரண்டுக்கும் நடுவான ஒரு மந்தமான டோன் ஆகிவிடும். நிறம் மாறியதாகத் தோன்றும், உண்மையில் டோன் வித்தியாசம் செத்திருக்கும். ஒரு தீற்றல், பிரஷ்ஷைத் துடை, அடுத்த தீற்றல். இதில் சலிப்பு உண்டு, குறுக்கு வழி கிடையாது. வெளிச்சத்துக்கு வெள்ளை 5, காவி 2, கேட்மியம் சிவப்பு (வெளிர்) அரைக்கால் பங்கு. அரைவெளிச்சத்துக்கு அதிலேயே கறுப்பு ஒரு துளி. கறுப்பும் காவியும் சேர்ந்தால் லேசான பச்சை வரும், பயப்பட வேண்டாம். வடக்குச் சன்னல் வெளிச்சத்தில் வெளிர் தோலின் அரைவெளிச்சம் அப்படித்தான் இருக்கும். நிழலுக்கு எரித்த சியன்னாவும் கறுப்பும் காவியும், வெள்ளை மிகக் குறைவாக. நிழலில் வெள்ளை கூடினால் முகம் பவுடர் பூசியது போல் ஆகும். 12 அங்குலத் துணியில் முகம் மொத்தமும் முப்பது நாற்பது தீற்றலில் முடிய வேண்டும். தவறினால் மேலே மேலே பூசாதீர்கள். கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். சுரண்டிய இடத்தில் மிஞ்சும் மெல்லிய சாயம் பல நேரம் நல்ல அரைவெளிச்சமாகவே அமைந்துவிடும்.

கண்கள் பற்றி ஒன்று மட்டும். இமைமயிரையும் கண்மணி விளிம்பையும் கூர்மையாகக் கீறியவுடன் மொத்தப் படமும் வாழ்த்து அட்டை ஆகிவிடும். கண் குழியின் நிழலை ஒரே வடிவமாக வைத்து, மேலிமையை ஓர் அடர்ந்த தீற்றலால் சொன்னால் போதும்.

பூவேலையில்தான் நன்றாக வந்துகொண்டிருந்த பல படிகள் கவிழ்கின்றன. ஒவ்வொரு பூவையும் தனியாக முழுமையாக வரைந்தால் அவை மடிப்போடு வளையாமல் ஸ்டிக்கர் ஒட்டியது போல மிதக்கும். கிமோனோ இரண்டு நாள் காய்ந்து லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும்போது, உலர்ந்த பிரஷ்ஷில் கொஞ்சமாக வண்ணம் எடுத்து இழுங்கள். மடிப்பு நிழலுக்குள் போகும் இடத்தில் பூவின் டோனும் அதே அளவு இறங்க வேண்டும், நிறமும் மங்க வேண்டும். ஆழ மடிப்பில் பூவை விட்டேவிடுங்கள். தாளில் தெரிகிற பூக்களில் மூன்றில் ஒரு பங்கை வரையாமல் விட்டாலும் கண் நிரப்பிக்கொள்ளும்.

சிவப்பு ஓரத்தை வைத்ததும் பக்கத்துச் சாம்பல் திடீரெனப் பச்சையாகத் தெரியும். அது கண்ணின் வேலை, பலகையில் பச்சை கலந்திருக்காது. அதைச் “சரிசெய்ய” சாம்பலில் ரோஸ் சேர்த்தீர்களானால் பட்டு நைலான் ஆகிவிடும். விட்டுவிடுங்கள், அந்தப் பச்சைச் சாயல்தான் சிவப்பைத் தூக்கிக் கொடுக்கிறது. சிவப்பும் ஆரஞ்சுக் கச்சையும் தவிர வேறு எங்கும் வெள்ளை கலக்காத சுத்த நிறம் வராமல் பார்த்துக்கொண்டால், இந்த இரண்டுமே தீப்போல நிற்கும்.

கடைசியாக, சாம்பல் பூத்த கறுப்பு. இது பூஞ்சாளம் அல்ல. மேல்படலத்து எண்ணெயை அடித்தளம் உறிஞ்சிவிட்டது, நிறமி மட்டும் வறண்டு மேலே நிற்கிறது. மலிவான அக்ரிலிக் பூச்சுத் துணிகள் இப்படி நிறையக் குடிக்கும். டர்பென்டைனை மட்டும் கலந்து அடியில் நீர்த்துப் பூசினாலும் இதே கதி, ஏனென்றால் அந்த அடுக்கில் நிறமியைக் கட்டிப்பிடிக்கும் எண்ணெயே இருக்காது. அம்பர் வகைகளில் இது மற்றவற்றைவிட அதிகம். பருத்தியில் மணமற்ற டர்பென்டைன் சிறிது தொட்டு மங்கிய இடத்தில் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய ஆழம் திரும்பினால் எண்ணெய் உறிஞ்சல்தான். திரும்பாவிட்டால் வண்ணமே வெளிறியது, மறுபடி பூசுவது தவிர வழியில்லை.

உறிஞ்சல் என்றால், வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆளிவிதை எண்ணெயும் மணமற்ற டர்பென்டைனும் சம பங்கு கலந்து, பிசிறு வராத துணியில் தொட்டு, மங்கிய இடத்தில் மட்டும் மெல்லத் தேயுங்கள். பத்து நிமிடம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். பளபளவென்று எண்ணெய் தங்கினால் அது ஒரு வருடத்தில் மஞ்சளாகும், வெள்ளைக் கிமோனோவின் மேல் அதைவிடக் கேடு வேறில்லை. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துவிட்டு, அல்லது வெளியே விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

அடுத்த துணியில் இது வராமலிருக்க, மேலே சொன்ன ஆல்கைட் கலந்த பழுப்புப் பூச்சே பாதி வேலையைச் செய்துவிடும், அது அடித்தளத்தை அடைத்துவிடுகிறது. இன்னொன்று, ஐவரி கறுப்பு நிறைய எண்ணெய் குடிக்கும், மெதுவாகக் காயும். அம்பர் மாங்கனீஸ் இருப்பதால் வேகமாகக் காயும். காயாத கறுப்பின் மேல் அம்பரைத் தடிமனாகப் பூசினால் மேல்படலம் முதலில் இறுகி, அடிப்படலம் அசையும்போது விரிசல் விடும். கூந்தலிலும் இருண்ட பின்புலத்திலும் வெடிப்பு வருவதற்கு இது வழக்கமான காரணம். கறுப்பையும் அம்பரையும் ஒரே குவியலாகக் கலந்து பூசினால் அந்தச் சிக்கல் இல்லை.

வார்னிஷுக்கு அவசரப்படாதீர்கள், மெல்லிய படலத்துக்கு ஆறு மாதம், உங்கள் கிமோனோ போலத் தடித்த இடத்துக்கு ஒரு வருடம். கடலோர ஊர் என்றால் மழைக்காலத்தில் வார்னிஷ் வேண்டாம், ஈரக் காற்றில் நீலம் பாய்ந்த வெண்படலம் விழும். பங்குனியில் ஒரு வறண்ட மதியம், மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணியைப் படுக்கவைத்துப் பூசுங்கள். இப்போது கையில் இருக்கும் துணியை எறிய வேண்டாம். கறுப்பை எண்ணெயால் மீட்டுவிட்டு, உடையில் தடித்து நிற்கும் மேடுகளைக் கத்தியால் வழித்துச் சமப்படுத்திய பிறகு, மடிப்புகளில் மட்டும் நிழல் குவியலை, சற்று எண்ணெய் சேர்த்து, மேலே வையுங்கள்.